கட்டடம் நிற்கிறது, தொழிலாளி நடக்கிறார்: கட்டுமானத் தொழிலாளர் நல நிதி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 24 அன்று இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதே நாளில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து எல்லா மாநில முதல்வர்களுக்கும் ஒரு கடிதம் போனது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களிடம் சுமார் 52,000 கோடி ரூபாய் நிதி இருக்கிறது, பதிவு செய்த தொழிலாளர்கள் சுமார் 3.5 கோடிப் பேர், அவர்களுடைய வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போடுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு நாள் கழித்து நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஊரடங்கு நிவாரணத்தை அறிவித்தபோது இதே நிதியைக் குறிப்பிட்டார். அப்போது அவர் சொன்ன தொகை 31,000 கோடி.

இதுவரை வசூலானது ஒன்று, செலவு போகக் கையில் இருப்பது இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு எண்களும் பொருந்தலாம். ஆனால் அந்த விளக்கத்தோடு யாரும் சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் டெல்லியிலிருந்து மூட்டை முடிச்சோடு, தோளில் குழந்தையோடு, ஆயிரக்கணக்கானோர் உத்தரப் பிரதேசத்துக்கும் பிகாருக்கும் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் கணிசமானோர் கட்டட வேலை செய்தவர்கள். அவர்கள் பெயரில் பல்லாயிரம் கோடி வங்கியில் இருந்தது. அவர்கள் கையில் பேருந்துக் காசுகூட இல்லை.

ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று சொல்லி வாங்குகிற பணத்தை மாநில அரசுகள் எப்படி வைத்திருக்கின்றன, எப்படிச் செலவழிக்கின்றன என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பணத்தை யாரோ மொத்தமாகத் திருடிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பகுதி பத்திரமாகவே இருந்தது. அப்படிப் பத்திரமாகக் கிடந்ததுதான் பிரச்சினை. வாங்கும் வழியை ஒரே வாசலாகவும், கொடுக்கும் வழியைப் பத்து வாசலாகவும் சட்டம் கட்டியது. அந்தப் பத்து வாசலையும் தொழிலாளியே தட்டித் திறக்க வேண்டும்.

பணம் வருகிற வழி

1996இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை ஒன்றாக இயற்றியது. ஒன்று, கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்களின் வேலை நிலைமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம். மற்றொன்று அவர்களுக்கான நல செஸ் சட்டம்; செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று தனியே வாங்கும் பணம். கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை செஸ் வாங்கலாம் என்றது இரண்டாவது சட்டம். அறிவிக்கப்பட்டது 1 சதவீதம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தனக்கென்று கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு விலக்கு இருந்தது.

வசூல் மிக எளிது. அரசுப் பணி என்றால் காண்ட்ராக்டரின் பில்லிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். தனியார் கட்டடம் என்றால் வரைபட அனுமதி வாங்கும் இடத்தில் கட்ட வேண்டும். 1996 சட்டப்படி, கட்டாமல் தாமதித்தால் மாதத்துக்கு 2 சதவீதம் வட்டி, ஏய்த்தால் அதிகபட்சம் செஸ் தொகை அளவுக்கு அபராதம் என்று இருந்தது. வசூலிக்கிற அமைப்பு தன் செலவுக்கென்று அதிகபட்சம் 1 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மாநில நல வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டடம் எங்கும் ஓடாது. அதற்கு முகவரி உண்டு, வரைபடம் உண்டு, மதிப்பீடு உண்டு. அதனால் வசூல் வருடா வருடம் ஏறியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தப் பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குள், அதாவது அரசின் வரவெல்லாம் சேரும் பொதுக் கணக்குக்குள், போவதில்லை. நேராக வாரியத்தின் நிதிக்குப் போகிறது. நல்ல ஏற்பாடுதான். நிதித்துறை தன் பற்றாக்குறையை அடைக்க அவ்வளவு லேசில் இதில் கைவைக்க முடியாது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சட்டமன்றத்தில் வருடா வருடம் மானியக் கோரிக்கையாக வந்து வாக்கெடுப்புக்குப் போகும் பணம் இல்லை இது. ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் அவையில் வைக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மேசையில் வைக்கப்படும் காகிதத்துக்கும் விவாதிக்கப்படும் பட்ஜெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது சட்டமன்றச் செய்திகளைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பூட்டி வைத்ததால் பணம் திருட்டுப் போகவில்லை. யார் கண்ணிலும் படவும் இல்லை.

வரியா, கட்டணமா?

இந்தக் கேள்வி வக்கீல்களுக்கு மட்டுமான நுணுக்கம் போலத் தோன்றும். எனக்கு இதுதான் முழு விஷயத்துக்கும் அடித்தளம்.

1951இல் அன்றைய சென்னை மாநிலம் இந்து சமய அறநிலையச் சட்டம் ஒன்றை இயற்றியது. சமய நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. மேற்பார்வை செய்வதற்கான கட்டணம் என்றது அரசு. உடுப்பியின் சிரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. காரணம் எளிமையானது. வசூலான பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, அந்தச் சேவைக்கென்று தனியே எடுத்து வைக்கப்படவில்லை, வாங்கும் தொகைக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே பெயர் எதுவாக இருந்தாலும் அது வரி. அந்த வரியைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை.

அதன் பிறகு இந்தியாவில் எந்தச் செஸ்ஸை எதிர்த்து வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போக முடியவில்லை. கட்டுமானச் செஸ்ஸை எதிர்த்துக் காண்ட்ராக்டர்கள் தொடுத்த தேவான் சந்த் பில்டர்ஸ் வழக்கிலும் இதே கேள்விதான். 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது கட்டணமே என்று முடிவு சொன்னது. பணம் தனி நிதியில் வைக்கப்படுகிறது, தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவாக வேண்டும், ஆகவே கட்டணம் என்பது தர்க்கம். அரசுகள் ஜெயித்தன.

ஆனால் ஜெயித்தது ஒரு வாக்குறுதியின் பேரில். இந்தப் பணம் அந்தத் தொழிலாளர்களுக்குப் போகும் என்ற ஒரே காரணத்தால்தான் அதை வாங்குவது செல்லுபடியாகிறது. போகவில்லை என்றால்? சட்டப்படி செஸ் நாளைக்கே ரத்தாகிவிடும் என்று சொல்லவில்லை. தார்மீகமாக அதன் கால் ஆடிப்போகிறது என்கிறேன். வீடு கட்டுகிறவரிடம் ‘இது சித்தாளுக்கும் கொத்தனாருக்கும்’ என்று சொல்லி வாங்கிவிட்டு, அதை நிரந்தர வைப்புத்தொகையாகப் போட்டு வட்டி பார்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பத்து வாசல்

இப்போது கொடுக்கிற பக்கத்துக்கு வருவோம். சட்டம் தாராளமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம், வீடு கட்டக் கடன், குழுக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மருத்துவச் செலவு, மகப்பேறு உதவி என்று எல்லாம் உண்டு.

ஆனால் இவை எல்லாம் பதிவு பெற்ற பயனாளிக்கு மட்டும். பதிவு பெற வயது 18க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாளுக்கு யார் சான்று தருவது? காலையில் ஏழு மணிக்கு ஏதோ ஒரு முக்கில் தூக்குச்சட்டியோடு நிற்கிறவரை ஒரு மேஸ்திரி கூட்டிப்போகிறார். அடுத்த வாரம் வேறு மேஸ்திரி. சென்ட்ரிங் பிரிக்க ஒரு இடம், கான்கிரீட் போட ஒரு இடம். மேஸ்திரிக்கே காண்ட்ராக்டர் யார் என்று சில சமயம் தெரியாது. பதிவானால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சந்தா கட்ட வேண்டும், ஓராண்டு தொடர்ந்து கட்டாவிட்டால் பயனாளி என்ற தகுதி போய்விடும் என்றது 1996 சட்டம். அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். உதவி கேட்கும்போது மறுபடி விண்ணப்பம், மறுபடி சான்று, வங்கிக் கணக்கு, ஆதார்.

ஒரு பதிவு முகாமில் சில நாள் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் கல் சுமந்த ஒரு அம்மா வந்தார். நலவாரிய அட்டையில் அவர் பெயருக்கு முன் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். பிறந்த வருடத்திலும் இரண்டு ஆண்டு வித்தியாசம். அட்டையின்படி ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிட்டது, ஆதாரின்படி வரவில்லை. ஒன்றைத் திருத்த ஓர் அலுவலகம், இன்னொன்றைத் திருத்த வேறோர் அலுவலகம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. “அப்புறம் பாத்துக்கறேன் தம்பி” என்று காகிதங்களை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் திரும்பி வரவில்லை. வாரியத்தின் கணக்கில் அது செலவாகாத தொகை. அவ்வளவுதான்.

அதற்குமேல் பெரிய சிக்கல், தொழிலாளி மாநிலம் மாறுகிறார். சென்னையில் எழும்பும் அடுக்குமாடியில் கம்பி கட்டுகிறவர் ஒடிசாவோ பிகாரோ. செஸ் தமிழ்நாட்டு வாரியத்துக்கு வந்துவிடும். அவர் நாலு மாதத்தில் பெங்களூரு, ஆறு மாதத்தில் ஊர். எந்த மாநிலத்திலும் அவர் பதிவு உயிரோடு இருப்பதில்லை. பணம் கட்டடம் நிற்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறது, அவர் நடந்துவிடுகிறார்.

ஐந்து சதவீதப் பொறி

பலர் கவனிக்காத ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் இருக்கிறது. நிர்வாகச் செலவு, அதாவது ஊழியர் சம்பளம், அலுவலகம் எல்லாம் சேர்த்து, அந்த ஆண்டு வாரியம் செய்யும் மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நலப் பணத்தை அதிகாரிகளின் கார்களுக்கும் கட்டடங்களுக்கும் கரைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரியம் ஆண்டுக்கு 500 கோடி வசூலிக்கிறது, 20 கோடி செலவழிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதன் நிர்வாக உச்சவரம்பு சுமார் 1 கோடி. ஒரு மாநிலம் முழுக்கத் தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்ய, விண்ணப்பங்களைச் சரிபார்க்க, அந்த 1 கோடியில் எத்தனை பேரை வைக்க முடியும்? ஆள் இல்லாததால் பதிவு நடக்காது. பதிவு இல்லாததால் செலவு ஏறாது. செலவு ஏறாததால் ஆள் வைக்க முடியாது. அடுத்த ஆண்டும் அதே கதை. வரம்பை வசூலோடு கட்டாமல் செலவோடு கட்டியதால், பின்தங்கிய வாரியம் பின்தங்கியே கிடக்கச் சட்டமே வழிசெய்துவிட்டது. ஊழலைத் தடுக்கப் போட்ட வேலி வேலையையும் தடுத்துவிட்டது. இந்த ஒரு பிரிவைப் பற்றி இன்னும் எவ்வளவோ பேசப்பட்டிருக்க வேண்டும்.

சலவை இயந்திரம்

சரி, செலவழித்த இடங்களில் எப்படிச் செலவழித்தார்கள்? 2017இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி, இந்த நிதியிலிருந்து லேப்டாப்புகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டிருந்தன. நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின.

ஏன் இப்படிப் பொருளாக வாங்குகிறார்கள் என்று யோசித்தால் விடை கிடைக்கும். லட்சம் பேருக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் கொடுப்பது என்றால் லட்சம் கோப்புகள், லட்சம் சரிபார்ப்புகள், அதுவும் ஆயுள் முழுக்க. ஒரு டெண்டர் விட்டுப் பொருள் வாங்கினால் ஒரே கையெழுத்தில் பல கோடி செலவுக் கணக்கில் ஏறிவிடும். மேடை போட்டு, படம் ஒட்டி, கையில் கொடுக்கவும் செய்யலாம். செலவு எங்கே என்று நீதிமன்றம் நெருக்கும்போது வாரியத்துக்கு இதுவே சுலபமான வழியாகத் தெரிகிறது. 2021 மார்ச்சில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விளக்கு, போர்வை, குடை, கருவிப் பெட்டி, பாத்திரம், சைக்கிள் போன்றவற்றைப் பொருளாக வழங்குவதை நிறுத்தி, பணமாக வங்கிக் கணக்கில் போடும்படி வாரியங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. பேரிடர், தொற்றுநோய் போன்ற சமயங்களுக்கு மட்டும் விலக்கு.

வனப் பக்கத்திலும் இதே காட்சிதான். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் செலுத்தும் ஈட்டுக் காடு வளர்ப்பு நிதி பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்து, 2019இல் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. உத்தரகண்டில் 2019 முதல் 2022 வரையான கணக்கைப் பார்த்த தணிக்கை அறிக்கை, அந்த நிதியில் ஐபோன், லேப்டாப், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வாங்கப்பட்டதைச் சொன்னது. திசைமாறிய தொகை சுமார் 13.86 கோடி.

13.86 கோடி கோபப்பட வேண்டிய தொகைதான். ஆனால் ஐபோன் என்ற ஒரு சொல்லுக்கு வருகிற கோபத்தில் பத்தில் ஒரு பங்குகூட, பல்லாயிரம் கோடி பல ஆண்டுகள் அசையாமல் கிடந்ததற்கு வரவில்லை. தவறான செலவுக்குப் படம் உண்டு, பில் உண்டு. நடக்காத செலவுக்கு முகம் கிடையாது. கிடைக்காத மகப்பேறு உதவிக்கு யார் பில் காட்டுவது?

2018 மார்ச் 19

கட்டுமானத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் வேண்டும் என்று 1980களில் இருந்து போராடிய தேசியப் பிரச்சாரக் குழு, வந்த சட்டம் அமலாகவில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. அதாவது சட்டம் வந்து பத்து வருடம் ஆகியும் பல மாநிலங்களில் வாரியமே ஒழுங்காக அமையவில்லை. நீதிமன்றம் உத்தரவு மேல் உத்தரவு போட்டது. மாநிலங்கள் அவகாசம் மேல் அவகாசம் கேட்டன.

12 ஆண்டு கழித்து, 2018 மார்ச் 19 அன்று, நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பு சொன்னது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க நம்மிடம் அடையாள நீதியைத் தவிர வேறு எதுவும் இல்லை, சமூக நீதியும் இல்லை, பொருளாதார நீதியும் இல்லை என்ற வருத்தத்தோடு தொடங்குகிறது அந்தத் தீர்ப்பு. வசூலானது 37,400 கோடிக்கு மேல். பயனாளிகளுக்கென்று செலவானதாகச் சொல்லப்பட்டது சுமார் 9,500 கோடி. மீதி 28,000 கோடி எங்கே போயிற்று என்று நேரடியாகவே கேட்டார்கள். வாங்கியதில் நான்கில் ஒரு பங்குதான் வெளியே போயிருந்தது, அதுவும் சட்டம் வந்து 22 ஆண்டு கழித்து.

கல்வி, சுகாதாரம், சமூகப் பாதுகாப்பு, ஓய்வூதியம் எல்லாம் அடங்கிய ஒரு மாதிரித் திட்டத்தை அமைச்சகம் தயாரிக்க வேண்டும், பதிவைத் துரிதப்படுத்த வேண்டும், சட்ட அமலாக்கத்தைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று உத்தரவுகள் வந்தன. நல்ல உத்தரவுகள். ஆனால் இரண்டே ஆண்டில் ஊரடங்கு வந்து, என்ன மாறியிருக்கிறது என்று காட்டிவிட்டது.

ஊரடங்கில் டெல்லி 5,000 ரூபாய், பஞ்சாப் 3,000, தமிழ்நாடு 1,000 என்று ஒவ்வொரு மாநிலமும் ஒரு தொகையை அறிவித்தன. முதல் அலையில் சுமார் 1.83 கோடித் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 5,000 கோடி போய்ச் சேர்ந்ததாக அமைச்சகம் பின்னர் தெரிவித்தது. தலைக்குச் சராசரியாக 2,700 ரூபாய். கொடுத்ததே பெரிது என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது, ஏனென்றால் பெரும்பாலான அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு தயார் நிதி இல்லை. மறுபக்கம், பதிவில் இருந்த 3.5 கோடிப் பேரில் பாதிக்குத்தான் கிடைத்தது. சந்தா விட்டுப்போனவர், வங்கிக் கணக்கு இணையாதவர், அட்டையைப் புதுப்பிக்காதவர் எல்லாம் நிவாரணத்துக்கு வெளியே நின்றார்கள். நெருக்கடி வந்த பிறகு பெயர்ப் பட்டியலைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

டெல்லியின் புகை நாள்கள்

டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் இந்தச் சோதனை திரும்ப வருகிறது. காற்று மாசு எல்லை மீறும்போது கட்டுமானத்தை நிறுத்துகிறார்கள். வேலை நின்றால் கூலி நின்றது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தடை நாள்களுக்குத் தொழிலாளர் செஸ் நிதியிலிருந்து ஈட்டுத்தொகை கொடுங்கள் என்று தலைநகர வட்டார மாநிலங்களுக்குச் சொன்னது. 2024இல் மறுபடி அதே நிலை. அந்த டிசம்பரில் மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களையே நீதிபதிகள் ஓகா, மசீஹ் அமர்வு விசாரணைக்கு அழைத்தது. 90,693 பேருக்குத் தலா 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம் என்றது டெல்லி. சொன்ன 8,000 ரூபாயில் மீதி 6,000 எப்போது என்று கேட்டது நீதிமன்றம். உடனே கொடுப்பதாக உறுதி வந்தது. பதிவு செய்யாத தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் தகவல் சொன்னீர்களா என்ற கேள்வியும் எழுந்தது.

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இவ்வளவு கட்டடம் எழும்பும் தலைநகரில் 90,693 பேர்தான் கட்டட வேலை செய்கிறார்கள் என்று யாராவது நம்புவார்களா?

தமிழ்நாடும் கேரளமும்

இந்த இரண்டு மாநிலங்களும் மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. தொழிலாளர் போராட்டங்களின் அழுத்தத்தால் தமிழ்நாடு 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. ஆரம்பத்தில் கட்டுமானச் செலவில் 0.3 சதவீதம் வாங்கினார்கள், பிறகு 1 சதவீதம் ஆனது. கேரளம் 1989இல் தனக்கென்று ஒரு நல நிதிச் சட்டம் போட்டது.

இங்கே பதிவு ஓரளவு நடந்ததற்குக் காரணம் அரசு அலுவலகம் மட்டும் இல்லை. சங்கங்கள். யார் கொத்தனார், யார் பெயிண்டர் என்று சங்கத்துக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதுவது, பள்ளி திறக்கும் சமயத்தில் கல்வி உதவிக்கு நினைவூட்டுவது, இறப்பு உதவிக்கு அலைவது எல்லாம் அவர்கள்தான். இதில் இடைத்தரகர் வேலையும் நுழைந்திருக்கிறது, போலிப் பதிவுப் புகார்களும் பல மாநிலங்களில் உண்டு. இருந்தாலும் சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில்தான் பணம் தொழிலாளிவரை போகிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை. பதிவை இணையவழிக்கு மாற்றியபோது நேர்மை கூடும் என்று எதிர்பார்த்தார்கள். ஓரளவு கூடியிருக்கலாம். கூடவே ஸ்மார்ட்போன் இல்லாதவர், ஓடிபி வராதவர் என்று புதிதாக ஒரு வாசலும் முளைத்தது.

கேரளத்தின் அனுபவம் வேறுவிதமான பாடம். அங்கே வாரியம் தாராளமாகவே கொடுத்தது, ஓய்வூதியதாரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. செஸ் வரவு அந்த வேகத்தில் ஏறவில்லை. விளைவு, அண்மை ஆண்டுகளில் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிலுவை. ஒரு பக்கம் செலவழிக்கத் தெரியாமல் பணத்தைக் குவித்து வைத்திருக்கும் மாநிலங்கள், இன்னொரு பக்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பணம் இல்லாமல் தவிக்கும் மாநிலம். ஒரே செஸ், ஒரே விகிதம். ‘செலவழி, செலவழி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் கேரளத்தைப் பார்த்துக் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓய்வூதியம் நாற்பது வருடக் கடமை. கட்டுமானச் செஸ் வீட்டு மனைச் சந்தையோடு ஏறி இறங்குகிற வரவு. இன்றைக்கு ஒரு தொகையை அறிவிக்கும்போதே இருபது வருடம் கழித்து எத்தனை பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டும். அப்படிக் கணக்கிட்டுத் தனியே ஒதுக்கி வைத்த நிதியைச் சேமிப்பு என்று ஒத்துக்கொள்ளலாம். கணக்கே இல்லாமல் கிடக்கும் பணத்தை அப்படிச் சொல்ல முடியாது.

மாற்ற முடிந்தவை

செஸ் கட்டும் அதே இடத்திலேயே தொழிலாளர் பட்டியலும் வாங்கப்பட வேண்டும். ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு செஸ் என்று கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, அந்தக் கட்டடத்தில் யார் யார் வேலை செய்தார்கள் என்று முதலாளியிடமே கேட்க ஏன் முடியாது? 90 நாள் சான்றைத் தேடித் தொழிலாளி அலைவதற்குப் பதில், ஆள் பெயரைப் பதியாமல் கட்டட நிறைவுச் சான்று வாங்க முடியாது என்று வைத்தால் அலைச்சல் பணமும் ஆளும் உள்ளவர் பக்கம் போகும். சிறு காண்ட்ராக்டர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். 1 சதவீதத்தையே கட்டடத்தின் விலையில் ஏற்றிவிடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நிர்வாகச் செலவின் 5 சதவீத வரம்பை, குறைந்தபட்சம் பதிவு வேலைக்கு மட்டுமாவது, வசூலோடு இணைக்க வேண்டும். பதிவு மாநில எல்லையைத் தாண்டினாலும் செல்ல வேண்டும், எந்த மாநிலத்தில் எத்தனை நாள் உழைத்தாரோ அந்த விகிதத்தில் வாரியங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் பெயர் இருக்கிறது. அதை வாரியப் பதிவோடு உண்மையாகவே சேர்த்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. வசூல், செலவு, இருப்பு மூன்றையும் மாதாமாதம் மாவட்ட வாரியாக வெளியிட்டால், ஒரே வாரத்தில் 52,000 என்றும் 31,000 என்றும் இரண்டு எண்கள் வராது.

இதற்கிடையில் சட்டமே மாறியிருக்கிறது. 1996இன் செஸ் சட்டமும், மற்றொரு சட்டத்தின் நலப் பிரிவுகளும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. செஸ் விகிதம் 1 முதல் 2 சதவீதம் என்றே தொடர்கிறது. ஆனால் எவ்வளவு செஸ் என்பதைக் கட்டுகிறவரே சுயமாக மதிப்பிட்டுச் செலுத்தலாம். சொந்த வீட்டுக்கான விலக்கு வரம்பு 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் ஆகிவிட்டது. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது நிம்மதிதான், மறுக்க மாட்டேன். சிறு நகரங்களில் கட்டப்படும் பெரும்பாலான வீடுகள் அந்த 50 லட்சத்துக்குள் அடங்கிவிடும், உள்ளூர்க் கொத்தனாரும் சித்தாளும் வேலை செய்வதும் அங்கேதான். 90 நாள் சான்றுக்கு அந்த வீடுகளைக் கணக்கில் எடுப்பார்களா என்பதை மாநிலங்கள் தங்கள் விதிகளில் இப்போதே தெளிவாக எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டால், செஸ் கட்டாத வீட்டில் உழைத்த நாள் கணக்கில் வராது என்று ஏதோ ஒரு கவுன்ட்டரில் யாரோ ஒருவர் அந்த மஞ்சள் பை அம்மாவிடம் சொல்லப் போகிறார்.